தொண்டையில் விழுந்த டிக் டிக்

சுரமாலை என்ற மென்பொருள் செத்துப்போன வெள்ளிக்கிழமை காலையில், கீழமாறன்குளத்து உலகம்மாள் வாசல்படியில் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் முறம் மாதிரியான சொளவை வைத்து, இலையை உருட்டித் தூளை அடைத்து நூலைச் சுற்றிக்கொண்டே, பீடிக்குத் துணையாக எப்போதும் பாடுகிற அம்மன் பாட்டின் முதலடியை எடுக்க வாயைத் திறந்தாள். பாட்டு வரவில்லை, டிக் டிக் டிக் டிக் என்று வந்தது. வாயை மூடி, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, மறுபடி திறந்தாள். அதே டிக். காறித் துப்பிவிட்டுத் திறந்தாள். அதே டிக். பேச்சு சரியாக வந்தது, வசவு அதைவிடச் சரியாக வந்தது, பாட்டு என்று எடுத்தால் மட்டும் அது எந்தப் பாட்டானாலும் டிக் டிக். எதிர்வீட்டு மைனி தன் சொளவிலிருந்து தலையைத் தூக்காமலே, "எனக்கும் காலையில இருந்து அதான் வருது. மாவு கரைக்கும்போதே கவனிச்சேன்" என்றாள்.

அந்தச் சத்தம் தெருவில் யாருக்கும் புதிதில்லை. செண்பகவடிவின் ஸ்டுடியோவில் பாடப் போனால் தாளம் தப்பாமலிருக்கக் காதில் மாட்டிவிடுகிற ஹெட்போனில் ஓடுமே, அதே டிக். காது வழியாக உள்ளே போனது இப்போது தொண்டை வழியாக வெளியே வருகிறது, அவ்வளவுதான் என்று தெரு முடிவு செய்துகொண்டது. எப்படி வந்தது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. யாரால் வந்தது என்று மட்டும் எல்லாரும் கேட்டார்கள். கேட்டு முடித்ததும் சொளவுகளைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஸ்டுடியோ இருந்த ரைஸ்மில் மாடிக்குக் கூட்டமாக ஏறினார்கள்.

அங்கே வடிவு ஏற்கெனவே கம்ப்யூட்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். வடிவுக்குக் கோபம் புதிதில்லை. மைக்செட் கடையில் வயர் சுற்றப் போய்ச் சேர்ந்த காலத்திலேயே, ஆம்பிளிஃபயரைத் தலையில் தட்டிப் பாட வைக்கிறவள் என்று பேர் வாங்கியவள். ஆனால் அன்றைக்கு அவள் தட்டத் தட்டத் திரை அசையாமல் ஒரே வரியைக் காட்டிக்கொண்டிருந்தது: இந்தப் பதிப்பு ஓய்வு பெற்றுவிட்டது, உங்கள் ஆதரவுக்கு நன்றி. "ஓய்வு வாங்குததுக்கு இது என்ன தாசில்தாரா?" என்று அவள் கத்தினாள். சுரமாலையை நடத்திய கம்பெனிக்காரன் எங்கேயோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து, மென்பொருளைத் திறக்கிற உரிமச் சாவி சரிதானா என்று பார்த்துக்கொண்டிருந்த யந்திரத்தை நிறுத்திவிட்டான். சாவி பார்க்க ஆளில்லாததால் வடிவு காசு கொடுத்து வாங்கின மென்பொருள், வடிவின் சொந்தக் கம்ப்யூட்டரில், வடிவுக்கே கதவைத் திறக்க மாட்டேன் என்றது. அந்தக் கதவுக்குப் பின்னால்தான் கீழமாறன்குளத்து அம்மன் பாட்டு இருந்தது, அந்தப் பாட்டுக்குள்தான் பீடித்தெருப் பெண்கள் அத்தனை பேரின் குரலும் இருந்தது.

சுரமாலையை அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றும் வாங்கிவிடவில்லை. அன்றைக்கு மூன்று மென்பொருள்கள் இருந்தன. ஒன்று வெளிநாட்டுக்காரனுடையது, விலை ஏற முடியாத மலை. ஒன்று யாருடையதென்றே தெரியாமல் சும்மா கிடைத்தது, பார்க்க லட்சணமில்லை. சுரமாலையோ பொட்டு வைத்துப் பூ வைத்து வந்த மாதிரி வந்தது: தமிழ் எழுத்து, உள்ளேயே நாதசுரம், உள்ளேயே தவில், உறுமி, கொட்டுமேளம். காட்ட வந்த பையனிடம் அவள் கேட்கவும் கேட்டாள், ஒங்க கம்பெனி நாளைக்கு இல்லாமப் போச்சுன்னா நான் என்ன செய்ய என்று. அவன் சிரித்தான். வாழ்நாள் உரிமம் மேடம் என்றான். சிரிக்கிறவனை நம்பக்கூடாது என்று அவளுக்குத் தெரியாமலில்லை, தவில் சத்தத்தில் மயங்கிவிட்டாள்.

சரி, மென்பொருள் செத்தால் பாட்டும் ஏன் சாக வேண்டும், ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தால் என்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் அம்மனைத் தெரியாது. கீழமாறன்குளத்து அம்மன் பாட்டு முடியக்கூடாத பாட்டு. ஒவ்வொரு வருஷமும் கோயில் திருவிழாவான கொடைக்கு முன்னால், அந்த வருஷம் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள் பேரும் பிறந்த பிள்ளையின் பேரும் ஒரு அடியாகப் பாட்டில் சேரும். புதுசாய் வந்தவள் அவள் குரலிலேயே அந்த அடியைப் பாடுவாள். பாட்டு முடிந்தது என்று ஒரு வருஷம் சொல்லிவிட்டால் ஊருக்கு வரவு நின்றுபோகும் என்று நம்பிக்கை. முடிந்தது என்ற சொல்லையே அந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் வடிவும் பாட்டை முடித்து வெறும் சத்தமாக வெளியே எடுத்து வைக்கவே இல்லை. சுரமாலைக்குள் திறந்த வேலையாகவே வைத்து, கொடையன்று கம்ப்யூட்டரைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய் அப்படியே ஓட்டுவாள். ஊர் சேர்ந்து செய்த தப்பு அது. ஆனால் வசவு வாங்கியது வடிவு ஒருத்திதான்.

டிக் வந்த புதிதில் ஊர் அதோடு எப்படியாவது குடித்தனம் நடத்தப் பார்த்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொன்னார்கள், கொப்பளித்தார்கள். கோயிலில் குங்குமத்தைத் தொண்டையில் பூசினார்கள். கைப்பிள்ளைக்காரிகள் தொட்டிலை ஆட்டிக்கொண்டு டிக் டிக் என்றார்கள், பிள்ளைகள் உறங்கவும் செய்தன, பிள்ளைகள் உறங்கியதைப் பார்த்துத்தான் அந்தத் தாய்மார்களுக்கு முதன்முதலாக ஆத்திரம் வந்தது. எல்லாருக்கும் ஒரே பாட்டு என்பதால் எல்லாருக்கும் ஒரே வேகம். ஒருத்தி தன்னை மறந்து முனகினால் பக்கத்து வீட்டுக்காரி கை அந்த வேகத்துக்கு மாறும், அவள் முனகினால் அடுத்தவள், இப்படியே தெரு முனை வரை ஒரே டிக் ஓடும், அந்த டிக்குக்கு இலை உருளும், தூள் அடையும், நூல் சுற்றும். ஒன்றிரண்டு வாரத்தில் பீடி முன்னெப்போதையும்விடக் கூடுதலாகக் கடைக்கு வந்தது, ஒரு பீடி பிசகில்லாமல், கழிவு என்று தூக்கிப்போட ஒன்று இல்லாமல்.

பீடிக்கடை ஆவுடையப்பனுக்குக் கேட்கவா வேண்டும். தெருவுக்கு இலை கொடுத்துப் பீடி வாங்குகிறவர் அவர்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு பொட்டலம் அல்வாவோடு ரைஸ்மில் மாடிக்கு ஏறி வந்தார். வடிவு அவரை ஸ்டூலில் உட்காரச் சொல்லக்கூட இல்லை.

"தாயி, ஊர்ல ஒன்னப் பழிக்காவ, எனக்குத் தெரியும். நான் அப்படியில்ல. இந்த டிக்கு நல்ல டிக்கு. பொம்பளையளுக்கு வீண் பேச்சு கொறைஞ்சிருக்கு, கவனம் வந்திருக்கு."

"பாட்டு வரலியே அண்ணாச்சி."

"பாட்டு என்னத்துக்குத் தாயி, ரேடியோ இருக்குல்லா. நான் வந்தது என்னன்னா..." அவர் குரலைத் தணித்தார். "இத இன்னும் கொஞ்சம் வேகமா வைக்க முடியுமா?"

வடிவு மைக் ஸ்டாண்டைக் கையில் எடுத்தாள். ஆவுடையப்பன் ஏறி வந்ததைவிட வேகமாக இறங்கிப் போனார், அல்வாப் பொட்டலம் அங்கேயே கிடந்தது, வடிவு அதையும் படிக்கட்டில் வீசினாள். அன்றைக்குத்தான் அவளுக்கு இது வெறும் சாவித் தகராறு இல்லை என்று உறைத்தது. பூட்டினவன் எங்கேயோ இருக்கிறான், பூட்டினதால் லாபம் பார்க்கிறவன் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறான், இரண்டு பேருக்கும் நடுவில் சாவியை வாங்கிக்கொண்டு வந்தது நான்தானே என்று தன்னையே வைதுகொண்டாள்.

அதற்கப்புறம் உலகம்மாளின் அப்பா செத்துப்போனார். வயசானவர், நல்ல சாவுதான், ஊர் அதில் குறை சொல்லவில்லை. கீழமாறன்குளத்தில் மகள் ஒப்பாரி வைக்காமல் தகப்பன் பிணம் தூக்க மாட்டார்கள். உலகம்மாள் குரல் ஊருக்கே தெரிந்த குரல். வடிவு ஸ்டுடியோ திறந்தபோது மைக் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க முதலில் கூப்பிட்டதே உலகுவைத்தான், அம்மன் பாட்டின் தலைக்குரலும் அவள்தான். தலைமுடியை அவிழ்த்துவிட்டு, அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, மாரில் கை வைத்து வாயைத் திறந்தாள். டிக் டிக் டிக் டிக். கண்ணீர் கொட்டுகிறது, மூக்கு ஒழுகுகிறது, வாயிலிருந்து டிக் டிக். சுற்றி உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் பீடித்தெருக்காரிகள். அந்தச் சத்தம் விழுந்ததும், அவர்கள் நினைக்காமலே, வேண்டாமென்று மனசு கத்தினாலும், வெறும் காற்றில் அவர்கள் விரல்கள் இலை உருட்ட ஆரம்பித்தன. உருட்டி, அடைத்து, சுற்றி, பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து, இல்லாத பீடியைச் சுற்றினார்கள். சாவுக்குத் துட்டி கேட்க வந்து வாசலில் நாற்காலியில் இருந்த ஆவுடையப்பன் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், வடிவு ஆவுடையப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒப்பாரி இல்லாமலே பிணத்தைத் தூக்கினார்கள். தூக்கும்போது உலகம்மாள் எழுந்து வடிவு முன்னால் வந்து நின்றாள்.

"எங்க அப்பாவுக்கு அழக்கூட விடலியேட்டி நீ," என்றாள்.

அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். தண்ணீர்க் குழாயில் எதிரெதிரே நின்றாலும் வடிவு இருக்கிற திசைக்கு அவள் கண் திரும்பவில்லை.

வடிவு கம்பெனிக்குப் போன் போட்டாள். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பொம்பளைக் குரல் இனிக்க இனிக்கச் சொன்னது, அந்தக் குரல் யாருடையதோ, அவளுக்கும் தொண்டையில் டிக் விழுந்திருக்குமோ என்று வடிவு ஒரு கணம் நினைத்தாள், அப்புறம் அவளையும் சேர்த்து வைதாள். அழுது பார்த்தாள், பயமுறுத்திப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், எங்க பக்கத்துக் கோயிலெல்லாம் சேர்ந்து புது மென்பொருள் எடுக்கப் போவுது, நல்லதாப் பாத்து ஊர்க்கூட்டத்துல வச்சு முடிவு பண்ணப்போறோம் என்று ஒரு பொய் சொன்னாள். மறுவாரமே ஆள் வந்து நின்றான்.

வந்தவன் பேர் பிரணவ். சுரமாலைக் கம்பெனியின் விற்பனைப் பையன், மெட்ராஸ்காரன், தோளில் பை, காலில் வெள்ளை ஷூ. வெளிநாட்டு மென்பொருளின் ஏஜெண்டும் அதே பொய்யைக் கேட்டு மதுரையிலிருந்து வந்திருந்தார். அம்மன் கோயில் கல்யாண மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்து, ஊர்த்தலைவர் சிவனணைந்த பெருமாள் நடுவில் உட்கார, பீடித்தெருப் பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். மென்பொருள் எப்படித் தேர்வு செய்வது என்று அவர்களுக்குத் தெரியாது. மாப்பிள்ளை எப்படித் தேர்வு செய்வது என்று தெரியும். ஆகவே அதையே கேட்டார்கள்.

"ஒங்க கம்பெனிய வேற ஒருத்தன் வாங்கிட்டா, எங்க பாட்டு ஒங்களுக்கா, அவனுக்கா?"

"நெட்டு இல்லாத அன்னைக்கு வாயத் தொறக்குமா, மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிடுமா?"

"பழைய கம்ப்யூட்டரு போய்ப் புதுசு வந்தா கூட வருமா, தனிக்குடித்தனம் கேக்குமா?"

மதுரைக்காரர் பொறுமையாகப் பதில் சொன்னார். பிரணவ் சிரித்தான். எங்க புது சுரமாலை மேகத்துல இருக்கு, மேடம், அதுக்குச் சாவே கிடையாது என்றான். பின்வரிசையில் இருந்த உலகம்மாள், "அப்ப போன மாசம் செத்தது யாரு, ஒங்க பெரியப்பாவா?" என்று கேட்டாள். மண்டபம் சிரித்தது. பிரணவ் சிரிப்பதை நிறுத்தினான்.

வடிவு எழுந்தாள். "இவ்வளவு நேரம் கேட்டதெல்லாம் நல்லா இருப்பியா, நல்லா வச்சிப்பியான்னு. நான் அதக் கேக்கல. எல்லாம் ஒருநாள் சாகும், நீயும் சாவ, ஒங்க கம்பெனியும் சாகும், இவரு கம்பெனியும் சாகும். சாகாததா எடுப்போம்னு அலையிறதே கிறுக்குத்தனம், அந்தக் கிறுக்குத்தனத்த நான் ஒருதடவ செஞ்சிட்டேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. செத்தா பிணத்தையாவது குடுப்பியா?"

மதுரைக்காரர்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: "எங்களதுல குடுக்கும்மா. ஒவ்வொரு குரலையும் தனித்தனியா வெறும் சத்தமா வெளிய எடுத்து வச்சுக்கலாம், அத எந்த மென்பொருளும் திறக்கும். ஆனா உயிரோட இருக்கும்போதே நீங்க எடுத்து வச்சிருக்கணும். சுரமாலையிலயும் முந்தி எடுத்திருக்கலாம்." உண்மையைத்தான் சொன்னார். வடிவுக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது.

பிரணவ் இதற்குள் தன் லேப்டாப்பைத் திறந்துவிட்டான். விற்கத் தெரிந்த பையன். பேசி ஆகாததைக் காட்டி ஆக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டான். புது சுரமாலை பழைய வேலையைத் திறக்கும் மேடம், பாருங்க என்று, வடிவு கொண்டு வந்திருந்த டிஸ்கைச் சொருகி, ஊர் அம்மன் பாட்டைத் தட்டினான். திரையில் ஒவ்வொரு பெண்ணின் குரலும் ஒரு கோடாக, மேலே உலகம்மாளில் தொடங்கி வரிசையாக இறங்கியது. ஓட்டினான். லேப்டாப்பில் சத்தம் வருவதற்கு முன்னாலேயே மண்டபத்தில் வந்துவிட்டது. ஜமுக்காளத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேர் வாயும் தானாகத் திறந்து, அடைபட்டுக் கிடந்த பாட்டு மடை உடைத்துக்கொண்டு வந்தது, உலகம்மாள் குரல் எல்லாவற்றுக்கும் மேலே ஏறி நின்றது, சிவனணைந்த பெருமாள் கையெடுத்துக் கும்பிட்டார், மதுரைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். பிரணவ் ஒரு விரலால் நிறுத்தினான். டிக் டிக் டிக் டிக்.

"பார்த்தீங்களா மேடம், எவ்ளோ சிம்பிள்? இது இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் ஓடற டெமோ. மாசாமாசம் கட்டினா எப்பவும் ஓடும்," என்றான். குரலைக் கொடுத்துப் பிடுங்கினது அவனுக்குத் தெரியவே இல்லை, கடைப்பொருள் காட்டுகிற மாதிரி காட்டினான்.

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு மைனி எழுந்து போய் மண்டபத்துக் கதவைச் சாத்தி, நாதாங்கியைப் போட்டுவிட்டு, "விருந்தாளி சாப்பிடாமப் போனா ஊருக்கு அசிங்கம். எல போடுங்கட்டி" என்றாள்.

இலை போட்டார்கள். சாம்பார் வந்தது, ரசம் வந்தது, அவியல் வந்தது, வடை வந்தது, பாயசம் வந்தது, பாயசத்துக்குப் பிறகு மறுபடி சாம்பார் வந்தது. நான் கிளம்பணும் என்று பிரணவ் சொல்லும்போதெல்லாம் "பந்தி முடியலியே தம்பி" என்று ஒருத்தி அவன் இலையில் சோற்றைத் தள்ளினாள். இப்படிக் கோபத்தோடு பரிமாறிய சாப்பாடு அந்த மண்டபத்தில் அதற்கு முன்னால் நடந்ததில்லை. அவன் லேப்டாப் முன்னால் வடிவு உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் குரல்களை வெளியே எடுக்கப் பாட்டுக்கு ஒரு முடிவுக் கோடு வைத்தாக வேண்டும். இன்ன இடத்தோடு பாட்டு நிற்கிறது என்று சொல்லாமல் யந்திரம் எடுத்துத் தராது. சிவனணைந்த பெருமாள் கையை உயர்த்தினார்.

"அது மட்டும் ஆகாது. அம்மன் பாட்ட நிப்பாட்டுனா ஊரு விருத்தி நின்னுபோவும். வேற வழி பாரு வடிவு."

"வேற வழி இல்ல பெரியப்பா. முடிக்காம வச்சதுனாலதான் இந்தக் கதி. இனிமே வருசத்துக்கு வருசம் முடிப்பேன், வருசத்துக்கு வருசம் தொடங்குவேன். அம்மனுக்கு அது பொறுக்கலேன்னா என்னைத் தண்டிக்கட்டும், இவளுவளை ஏன் தண்டிக்கணும்?"

"நீ சொல்லிட்டா ஆச்சா? தலைக்குரல் அவளோடது. அவ சொல்லட்டும்."

எல்லாரும் உலகம்மாளைப் பார்த்தார்கள். அவள் வடிவைப் பார்க்கவில்லை, பெருமாளையும் பார்க்கவில்லை, திரையில் மேலே ஓடிய தன் கோட்டைப் பார்த்தாள். "முடிங்க," என்றாள். அந்தச் சொல் அந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் முதன்முதலாக விழுந்தது. கூரை இடியவில்லை. வடிவு கோட்டை வைத்தாள்.

பிறகு ஒவ்வொரு குரலாக வெளியே எடுத்தாள். எல்லாக் குரலும் பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்கும்படி, பாடாத இடத்தில் மௌனத்தோடு, நாளைக்கு எவன் எடுத்து எந்தப் பொட்டியில் வரிசையாக அடுக்கினாலும் பாட்டு சேர்ந்துகொள்ளும்படி, மினுக்கு எதுவும் பூசாமல், வெறும் சத்தமாக. ஒரு குரல் எடுத்து முடிந்ததும் மண்டபத்தில் அந்தக் குரலுக்குரியவள் புரையேறின மாதிரி இருமுவாள், டிக் உதிரும், ஒரு அடி பாடிப் பார்ப்பாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு பரிமாறப் போவாள். வடிவு தான் இனிமேல் வேலை செய்யப்போகிற மென்பொருளையும் பக்கத்திலேயே தூக்கி வந்து வைத்திருந்த தன் கம்ப்யூட்டரில் ஓட்டி, எடுத்ததெல்லாம் சரியாகத் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். அந்தக் காலத்தில் லட்சணமில்லை என்று ஒதுக்கின, யாருடையதென்றே தெரியாத அந்தச் சும்மா கிடைக்கிற மென்பொருள்தான். பெருமாளுக்கு மனசாகவில்லை. "தாய் தகப்பன் தெரியாதத வீட்டுல சேக்கியே" என்றார். "யாருக்கும் சொந்தமில்லன்னா யாரும் பூட்ட முடியாது பெரியப்பா. நாளைக்குக் கவனிக்க ஆளில்லாம இதுவும் சாகலாம். செத்துட்டுப் போகட்டும், குரலு எங்கிட்ட இருக்கு" என்றாள் வடிவு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். மதுரைக்காரர் தன் பையை மூடினார், அவருக்கு வருத்தமிருந்த மாதிரி தெரியவில்லை, இன்னொரு பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

சாயங்காலம் நெருங்கியது. கோடுகள் குறைந்துகொண்டே வந்தன. எல்லாருக்கும் அடியில், சத்தம் அடக்கி வைக்கப்பட்ட ஒரு கோடு மிச்சமிருந்தது. பாட்டு பிறந்த அன்றைக்கு மெட்டு இதுதான் என்று உலகம்மாளுக்குக் காட்ட வடிவு பாடி வைத்த வழிக்குரல். வடிவுக்கும்தான் டிக். வைகிறவளுக்குப் பாட்டெதற்கு என்று யாரும் அதைக் கவனிக்கவில்லை, அவளும் சொல்லிக்கொள்ளவில்லை. வேண்டுமென்றுதான் தன்னைக் கடைசியில் வைத்திருந்தாள். அதற்கு முந்தின குரலை எடுத்து, சரிபார்த்து, தன் கோட்டைத் தொட்டபோது திரை வெளுத்தது. உங்கள் சோதனைக் காலம் நிறைவடைந்தது.

பிரணவ் கையைக் கழுவிவிட்டு வந்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டான். நாள் முழுக்கச் சோறு தின்று களைத்திருந்தாலும் விற்பனை அவனை விடவில்லை. "ஒரே ஒரு மாசம் எடுத்தா கூட உங்க டிராக்க எடுத்துக்கலாமே மேடம். ஸ்பெஷல் விலைல பண்ணித் தரேன்."

"வேண்டாம்."

"உங்க குரல் மேடம்."

"என் குரலுக்கு நான் வாடகை குடுக்க மாட்டேன். அத வச்சி எரி."

பிரணவ் தோளைக் குலுக்கி, பையை மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினான். மைனி நாதாங்கியில் கை வைத்தாள், திறக்கலாமா என்று. அப்போதுதான் உலகம்மாள், ஜமுக்காளத்தின் நடுவில் பொத்தென்று உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.

"ஆத்தங்கரை போனவருக்கு, என்னப் பெத்த அப்பா,
அழுத சத்தம் எட்டலியே,
பொட்டிக்குள்ள போன தங்கம், என் வடிவே,
பொணமாக்கூட வரலியே."

குரல் மேலே போய் மண்டபத்துக் கூரையைத் தொட்டது. பெண்கள் ஓடிவந்து அவளைச் சுற்றி உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டார்கள், இந்தத் தடவை விரல்கள் எதையும் உருட்டவில்லை, எல்லாக் கையும் மாரில் விழுந்தது. உலகம்மாள் அப்பாவுக்கு அழுதாள், அப்பாவுக்கு அழுது முடித்து வடிவின் குரலுக்கு அழுதாள், அது எப்படிப்பட்ட குரல், கரகரத்த குரல், சுருதி சேராத குரல், ஆனாலும் அதுதானே எனக்கு மெட்டுக் காட்டியது என்று சொல்லிச் சொல்லி அழுதாள், அப்புறம் பூட்டினவனைத் தேடிப் போனாள், அவன் வீடு எந்த ஊர், அவன் மாடி எத்தனை மாடி, அவனுக்கு வாய்க்கரிசி போட ஆளிருக்கா, அவன் பிணம் கேட்டு அவன் பெண்டாட்டி எந்தப் போனில் எந்த எண்ணை அழுத்துவாள் என்று அடுக்கிக்கொண்டே போனாள். ஆவுடையப்பனையும் விடவில்லை.

ஒப்பாரி தொடங்கிவிட்டால் கீழமாறன்குளத்தில் ஒருவரும் வாசல் தாண்டக்கூடாது. அழுகிறவளுக்கு ரொம்பவும் வேண்டப்பட்டவள் யாரோ அவள்தான் கையைப் பிடித்து, போதும் எந்திரி என்று தூக்க வேண்டும். அவள் தூக்குகிறவரை, வந்தவர்கள் வந்த இடத்தில் நிற்க வேண்டியதுதான், பஸ் போனாலும் சரி, பிழைப்பு போனாலும் சரி. மைனி நாதாங்கியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். எல்லாரும் வடிவைப் பார்த்தார்கள். சிவனணைந்த பெருமாள் கண்ணால் சாடை காட்டினார், தூக்கு, நேரமாகுது என்று. பிரணவ் கதவுக்குப் பக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வடிவு எழுந்து வந்து உலகம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உலகு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கூடச் சேர்ந்து அழ வடிவு வாயைத் திறந்தாள், டிக் டிக் என்று வந்தது, பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டாள். உலகுவின் கையைப் பிடித்தாள். தூக்கவில்லை.

"அழட்டும்," என்றாள்.

பிரணவ் பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தான்.